பாலேஸ்வரி கைலாயத்துக்குப் போன கதை

தொலைபேசி மணி அடித்தால் பாலேஸ்வரி எழுந்து குசினிக்குப் போய்விடுவாள். போய்ச் சும்மா நிற்பதில்லை. தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவுவாள். யாராவது வந்து “கடைக்காரன்தான்” என்றோ “உங்கட வேலையிடம்” என்றோ சொன்ன பிறகுதான் குழாய் மூடப்படும். அவளுடைய மூத்த மகள் நிலாணி இதைப் பள்ளிக்கூட வயதிலிருந்தே பார்த்து வந்தாள். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கதைக்கப் பயம் என்று முதலில் நினைத்தாள். காது மந்தமாகிறதோ என்று பிறகு நினைத்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கிய காலத்தில்தான் அவளுக்கு விளங்கியது. அம்மா சாவுச் செய்தி காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறாள்.

விளங்கியபோது நிலாணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் பாலேஸ்வரிக்கு அது சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை. அவள் கலியாணம் கட்டிவந்த செல்வரட்ணத்தின் ஆட்கள் பெரிய கூட்டம். பாட்டனார் இரண்டு தாரம் கட்டியவர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கொழும்பு, வவுனியா, நோர்வே, பாரிஸ், ஸ்காபரோ என்று சிதறிக் கிடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எவர் செத்தாலும் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போக முடியாது, சுவாமி அறையில் விளக்கேற்ற முடியாது, நல்ல காரியம் எதிலும் நிற்க முடியாது. செத்தவரை அவள் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. முதியோர் இல்லம் ஒன்றின் நிலவறையில் படுக்கை விரிப்புகள் தோய்க்கிற வேலை அவளுக்கு. அங்கே அநேகமாக ஒவ்வொரு கிழமையும் ஒரு கட்டில் வெறுமையாகும். அவள் வருடக்கணக்காக விரிப்புத் தோய்த்துக் கொடுத்த கிழவிகள் போவார்கள். அதனால் ஒரு துடக்கும் வராது. நோர்வேயில் முகம் தெரியாத ஒரு சித்தப்பா கண்ணை மூடினால் வந்துவிடும்.

இதில் ஒரு சின்ன வழி இருந்தது. செய்தி காதில் விழுந்தால்தான் துடக்கு. முப்பத்தொன்றும் கழிந்த பிறகு கேள்விப்பட்டால் தலைக்கு முழுகினால் போதும். அந்தச் சின்ன வழியைத்தான் பாலேஸ்வரி குழாய்த் தண்ணீரால் காத்து வந்தாள்.

கைலாய ஆசை அவளைப் பிடித்தது தொண்ணூற்றைந்தாம் ஆண்டில். பிக்கரிங்கில் இருந்த குலசேகரம் என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளர், முதல் தடவை போய் வந்து, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் படங்கள் போட்டுக் காட்டினார். யாரோ காரில் இடம் இருக்கிறது என்றதால் போனவள் அவள். மண்ணிறமான கல்வெளி, அதற்கு நடுவே நீலம் கொட்டிவைத்தது போல ஏரிகள், பாறையில் ஒட்டவைத்தது போல வெள்ளையடித்த புத்த மடங்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த மலை. மற்றவர்கள் மலை வந்ததும் கைகூப்பினார்கள். பாலேஸ்வரி வீட்டுக்கு வந்து சொன்னது வேறு.

“அவ்வளவு வெளி, மச்சாள். ஒரு வீடில்லை. ஒரு மரமில்லை. ஒருத்தருமில்லை” என்றாள்.

அவள் இருந்த இடத்தை நினைத்தால் அது விளங்கும். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் பதினோராம் மாடி, இரண்டு அறை, ஆறு பேர். சின்னப் பிள்ளைகள் விழுந்துவிடாமலிருக்க யன்னல்களைக் கையளவுக்கு மேல் திறக்க முடியாதபடி பூட்டியிருந்தார்கள். கீழே இறங்கினால் பஸ். பஸ்ஸால் இறங்கினால் யன்னலே இல்லாத நிலவறை. கனடாவுக்கு வந்து பன்னிரண்டு வருடங்களில் நயாகராவுக்கு இரண்டு தடவை போயிருந்தாள், இரண்டும் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதற்காக.

“மச்சாள்” என்று அவள் கூப்பிட்டது கமலாம்பிகையை. செல்வரட்ணத்தின் தமக்கை, கலியாணம் ஆகாதவர். அகதியாக வந்த நாளிலிருந்து அவர்களோடுதான் இருந்தார். மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, சமைத்து, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்து வளர்த்தவர் அவர். பாலேஸ்வரி வேலைக்குப் போய் வந்தாள். இருவரும் ஒரே குசினிக்குள் பகல் முழுதும் ஒருவரையொருவர் குற்றம் சொல்வார்கள். இரவு ஒரே தேநீரை இரண்டாகப் பிரித்துக் குடிப்பார்கள். கமலாம்பிகைக்கு அறை கிடையாது. கூடத்தில் இருந்த சோபாவைக் காலையில் மடித்து, படுக்கும் நேரம் விரிப்பார்.

முதல் வருடம் குலசேகரம் கூட்டிப்போகிற குழுவுக்குப் பாலேஸ்வரி பெயர் கொடுத்தாள்; நோர்வேயில் சித்தப்பா போனார். அபிஷன், அவளுடைய கடைக்குட்டி, தொலைபேசியை எடுத்துக் கேட்டதை அப்படியே கத்தினான். குழாய்ச் சத்தத்துக்கு மேலால் அது கேட்டது. அடுத்த வருடம் திரும்பக் கொடுத்தாள். வவுனியாவில் ஒரு பெரியப்பாவின் மகன். மூன்றாம் தடவை அவள் விடவில்லை. பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியச் சடங்குக்குக் கூட்டம் முழுதும் மண்டபத்தில் கூடியிருந்த நேரம், சாப்பாட்டு மேசைக்கருகில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள், தான் போய்த் திரும்பிவரும்வரை ஆர் செத்தாலும் தனக்குச் சொல்லக்கூடாது என்று. கூட்டம் சிரித்தது. செல்வரட்ணத்தின் ஒன்றுவிட்ட தமையன் ஒருவர், “அப்ப நான் செத்தாலும் நீர் வருசா வருசம் எனக்குப் பொங்கல் வாழ்த்துக் காட் அனுப்புவீர்” என்றார்.

“அனுப்புவன். நீங்கள் பதில் போடாட்டிக் கோவிப்பன்” என்றாள் பாலேஸ்வரி.

அந்தக் குளிர்காலம் முழுதும் மச்சாள்மார் இருவரும் ஸ்காபரோ ரவுண் சென்ரர் என்ற கடைத்தொகுதிக்குள் நடந்தார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே, கடைகள் திறக்குமுன் கிழவர்கள் நடக்கிற நேரத்தில், கம்பளிச் சட்டையும் ஓட்டச் சப்பாத்துமாக இவர்களும் சுற்றுவார்கள். கமலாம்பிகைக்குச் சலரோகம், கால் வீங்கும். பாதி தூரத்தில் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, “நட, பாலேஸ், நட. மேல மலிவு விற்பனையெண்டு நினைச்சு நட” என்பார்.

ஐம்பது தாண்டிய பெண்கள் துணையோடுதான் வரவேண்டும் என்று குலசேகரம் சொல்லிவிட்டார். நிலாணி அப்போதுதான் படிப்பு முடித்து, ஒரு காப்புறுதி அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் அவள்தான். அதனால் வீட்டுக்கு வருகிற எந்தக் கடிதத்தையும் அவள்தான் வாசிக்க வேண்டும். எந்த முடிவுக்கும் “அவள் படிச்சவள், அவளைக் கேள்” என்றுதான் வரும். அம்மாவுக்கு உதவியாகப் போகிறேன் என்று சிநேகிதிகளிடம் சொன்னாள். அது பாதி உண்மை. பதினோராம் மாடியிலிருந்து வெளியே போக வேண்டும் என்ற ஆசை அம்மாவுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை.

தொண்ணூற்றெட்டு ஆனியில் கத்மண்டுவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த நாள் காலையில் பஸ் எல்லைக்குப் புறப்பட வேண்டும். குலசேகரம் எல்லாரையும் கூட்டிவைத்துச் சீன விசாவைப் பற்றிச் சொன்னார். குழுவுக்கு ஒரே தாள். அதில் எல்லாருடைய பெயரும் இருக்கும். சேர்ந்து உள்ளே போனால் சேர்ந்துதான் வெளியே வரவேண்டும். இடையில் ஒருவர் தனியாகத் திரும்ப முடியாது. “யோசிக்கிறவை இப்பவே யோசியுங்கோ. எல்லைப் பாலம் தாண்டினா யோசிச்சுப் பிரயோசனமில்லை” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

புறப்படுவதற்குச் சற்று முன்பு, சுகமாக வந்து சேர்ந்தோம் என்று சொல்வதற்கு நிலாணி தெருமுனைத் தொலைபேசிக் கடைக்குப் போனாள். செல்வரட்ணம்தான் எடுத்தார்.

“மாமி போட்டா, பிள்ளை” என்றார்.

கமலாம்பிகை நித்திரையிலேயே போயிருக்கிறார். அபிஷன் காலையில் சோபாவை மடிக்கலாம் என்று எழுப்பப் போயிருக்கிறான். நிலாணி எப்ப தகனம் என்று கேட்டாள். செல்வரட்ணம் சொல்லிக்கொண்டு போனார்: உடனே திரும்பினால் வரும்வரை வைத்திருக்கலாம், மயானக்காரரிடம் கேட்டுவிட்டார். பயணம் முடியும்வரை என்றால் கூட்டம் விடாது, இப்போதே முணுமுணுக்கிறார்கள்.

“கொம்மா சொல்லிப்போட்டுத்தானே போனவ, ஆர் செத்தாலும் சொல்லாதேங்கோ எண்டு. சொன்னா மூண்டாந்தரமும் மலை இல்லை. சொல்லாட்டி மாமியின்ர முகம் இல்லை. எனக்கு உது தெரியேல்ல. நீ படிச்சனி. நீ யோசி” என்றார்.

காசு முடிகிற சத்தம் கேட்டது. நிலாணி வைத்துவிட்டாள்.

கடையிலிருந்து ஹோட்டலுக்கு நாலு கட்டடம்தான் தூரம். அந்தத் தூரத்துக்குள் அவள் சொல்வதென்று முடிவெடுத்து, சொல்லாமல் விடுவதென்று முடிவெடுத்து, திரும்பவும் மாற்றினாள். அம்மாவின் கட்டளையை மதிக்கிறேன் என்று தனக்குச் சொல்லிப் பார்த்தாள். உண்மையில் மதிக்கிறாளா, அல்லது சொல்லத் துணிவில்லையா, அல்லது தானும் அந்த வெளியைப் பார்க்க வேண்டும் என்பதாலா? மூன்றையும் பிரித்தெடுக்க முடியவில்லை. பட்டப்படிப்பில் இதற்கு ஒரு பாடமும் இருக்கவில்லை. அம்மா கேட்டால் சொல்லிவிடுவது என்று கடைசியில் தீர்மானித்தாள். வீட்டில் எல்லாரும் சுகமா என்று எந்தத் தாயும் கேட்பாள்தானே.

பாலேஸ்வரி பஸ்ஸுக்கருகில் பையோடு நின்றாள். மகள் வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சப்பாத்து லேஸ் அவிண்டு கிடக்கு. கட்டிப்போட்டு ஏறு. எல்லாரும் ஏறிட்டினம்” என்றாள்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் பாலத்தைத் தாண்டினார்கள்.

பிறகு நாட்கணக்காக லாண்ட் குரூசர் வாகனத்தில் பயணம். மேலே போகப் போகக் காற்றுக் குறைந்தது. படத்தில் பார்த்த அதே கல்வெளி. ஆனால் படத்தில் இல்லாத ஒன்று, அதற்குள் எவ்வளவு தூரம் போனாலும் தலையிடி கூடவே வந்தது. வாகனத்தின் யன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் மூச்சு முட்டியது. அவ்வளவு பெரிய வெளியில் நிலாணிக்கு இருக்க இடமில்லை. கூடாரத்தில் அம்மாவோடு, வாகனத்தில் அம்மாவோடு, சாப்பாட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில். வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள். உயரத்தில் வருகிற வருத்தமாக்கும் என்று குலசேகரம் குளிசை கொடுத்தார்.

மானசரோவர் ஏரியை முதலில் கண்டபோது எல்லாரும் வாகனத்தை நிறுத்தச் சொன்னார்கள். நீலத்துக்கு அப்பால் பனிமலைகள். இந்தப் பக்கம் ஒரு செம்பாறை, அதன் உச்சியில் புத்த மடம். அரக்குச் சிவப்பு அங்கி உடுத்த துறவி ஒருவர் படியில் நின்று கையசைத்தார். குழுவிலிருந்த ஒருவர், “இஞ்சையும் வந்திட்டாங்கள், பாத்தீங்களே” என்றார். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவர்களுக்குக் காவியோ அரக்கோ, அந்த உடுப்பைக் கண்டால் சிங்களப் பிக்குமார்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தப் பகிடிக்குச் சிரித்தவர்களும் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை.

ஏரிக்கரையில் பூசை நடந்தது. ஒவ்வொருவராகத் தண்ணீரில் இறங்கத் தொடங்கினார்கள். நிலாணி இறங்கவில்லை. துடக்கில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று எத்தனை தடவை மாமியோடு வாதாடியிருக்கிறாள். ஆனால் செய்தி கேட்ட காது தன்னுடையது என்ற நினைப்போடு அந்தத் தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை. குலசேகரம் திருநீற்றுத் தட்டோடு வந்தபோது பின்னால் நகர்ந்தாள்.

“என்ன பிள்ளை?” என்று பாலேஸ்வரி கேட்டாள்.

“எனக்குக் குளிக்கேலாத நாள், அம்மா.”

பாலேஸ்வரி அவளை ஒரு கணம் பார்த்தாள். ஒரே வீட்டில், ஒரே குளியலறையில் இருக்கிற தாய்க்கு மகளின் நாட்கள் தெரியாதா? பிறகு திரும்பித் தண்ணீரை நோக்கி நடந்தாள். கரையில் குந்தி இருந்து, விரல்நுனியை வைத்து, எடுத்துவிட்டாள். குளிரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு கூடாரத்துக்கு வந்துவிட்டாள். அவளும் முழுகவில்லை.

டார்ச்சன் என்ற ஊரிலிருந்துதான் மலையைச் சுற்றத் தொடங்குவது. மண் சுவர் வைத்த விடுதி. ஒரு சின்ன யன்னல், அதற்கும் கண்ணாடி இல்லாமல் தடித்த பிளாஸ்ரிக் அடித்திருந்தது. காலையில் எல்லாரும் தடியும் தொப்பியுமாக முற்றத்தில் நின்றார்கள். பாலேஸ்வரி கட்டிலில் சப்பாத்துப் போடாமல் இருந்தாள். குலசேகரம் வந்து கூப்பிட்டார். கால் ஏலாது, நீங்கள் போட்டு வாங்கோ, மகள் நிக்கிறாள் என்றாள். அவர் கோவித்தார், கெஞ்சினார், யாக் மாட்டில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மணிச்சத்தத்தோடு யாக்குகள் போன பிறகு முற்றம் வெறுமையாயிற்று.

நிலாணி கதவை மூடினாள். “அம்மா, ஒண்டு சொல்லோணும்” என்றாள்.

“சொல்லாத.”

“அம்மா—”

“மச்சாள்தானே.” பாலேஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “வேற ஆரெண்டாலும் நீ முகத்தை அப்பிடி வச்சுக்கொண்டு வந்திருக்க மாட்டாய். கத்மண்டுவில, நீ றோட்டால வரேக்க எனக்குத் தெரியும்.”

நிலாணி மற்றக் கட்டிலில் இருந்தாள். அப்படியென்றால் ஏன் கேட்கவில்லை என்று கேட்டாள்.

“கேட்டா நீ சொல்லுவாய். அதான் கேக்கேல்ல.” பாலேஸ்வரியின் குரல் உயரவில்லை. “பஸ் நிண்டது. திரும்பி இறங்கியிருக்கலாம். காதில விழேல்லத்தானே, விழேல்லத்தானே எண்டு என்னை நானே ஏமாத்திக்கொண்டு ஏறினன். உன்னில பிழை இல்லை. நான் மலையைக் கேட்டனான். மலை வந்திட்டுது.”

“அப்ப சுத்திப்போட்டு வாங்கோவன், அம்மா. இவ்வளவு தூரம் வந்திட்டம். மாமியும் அதைத்தானே விரும்பியிருப்பா.”

“மாமி விரும்பினது எனக்குத் தெரியும்” என்றாள் பாலேஸ்வரி. “புருசனில்லை, பிள்ளையில்லை. ஒருநாள் குசினிக்குள்ள கேட்டவ, பாலேஸ், என்ர வாய்க்கு ஆர் அரிசி போடுறது எண்டு. நான் போடுவன் மச்சாள் எண்டனான். அவ்வளவுந்தான் அவ என்னட்டக் கேட்டது. இத்தனை வருசத்தில வேற ஒண்டும் கேக்கேல்ல.”

நிலாணி இப்போது புறப்பட்டால் எத்தனை நாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். கணக்கு ஒரே இடத்தில் வந்து முட்டியது. விசாத் தாள் குலசேகரத்தின் பைக்குள் இருந்தது, பை மலையைச் சுற்றப் போய்விட்டது. அவர் திரும்பாமல் எவரும் அசைய முடியாது.

அவர்கள் அந்த அறைக்குள் இருந்தார்கள். விடுதிக்காரப் பெண் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஏதோ விளங்கியவள் போல, பின்னால் சரிவில் இருந்த மடத்தைக் காட்டி, விளக்கேற்றுவது போலக் கையால் செய்து காட்டினாள். அங்கே துடக்குப் பார்க்க மாட்டார்கள், புத்த கோயில்தானே, போய் மாமிக்கு ஒரு விளக்கு வைப்போம் என்றாள் நிலாணி.

“கோயிலெண்டாக் கோயில்தான்” என்றாள் பாலேஸ்வரி. “அவைக்குத் தெரியாதெண்டதுக்காக நான் துடக்கோட போறதே?”

நிலாணி வெளியே வந்து பார்த்தபோது முகில் விலகி, முன்னாலிருந்த குன்றுக்கு மேலால் மலையின் வெண்முடி மட்டும் தெரிந்தது. உள்ளே ஓடிவந்து கூப்பிட்டாள். பார்ப்பதற்குத் துடக்கு இல்லை, வாங்கோ என்றாள். பாலேஸ்வரி வரவில்லை. பிளாஸ்ரிக் யன்னலின் மங்கல் வெளிச்சத்தில், யாரோ விட்டுச்சென்ற போர்வையை எடுத்து, மூலைக்கு மூலை சரிபார்த்து மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடிந்ததும் விரித்தாள். திரும்ப மடித்தாள்.

அவர்கள் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. செல்வரட்ணம் முடிந்தவரை தள்ளிப் பார்த்தார், கூட்டம் விடவில்லை. அஸ்தி மட்டும் ஒரு செம்பில் இருந்தது, இவர்கள் வந்த பிறகு ஏரியில் கரைக்கலாம் என்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்த ஐயரிடம் பாலேஸ்வரி தனியாகப் போய் ஏதோ கேட்டாள். நிலாணி பக்கத்தில் நின்றதால் கேட்டது. அந்தச் செம்புக்குள் ஒரு பிடி அரிசி போடலாமா என்று கேட்டாள். ஐயர் இளம் ஆள், இரக்கமாகத்தான் சொன்னார்.

“வாய் இருக்கேக்கதானம்மா வாய்க்கரிசி.”

ஏன் மலையைச் சுற்றவில்லை என்று கூட்டத்தில் பலரும் கேட்டார்கள். கால் ஏலாமல் போச்சு என்றாள். அடுத்த வருடம் குலசேகரம் தானே வீட்டுக்கு வந்து, இந்த முறை இலேசான பாதை, வாரும் தங்கச்சி என்று கூப்பிட்டார். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினாள். கூடத்தில் சோபா மடித்தபடியே கிடந்தது. ஆறு பேருக்கு நெருக்கமாக இருந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். எவரும் அதை விரித்துப் படுக்கவில்லை.

தொண்ணூற்றொன்பது கார்த்திகையில், பொங்கல் காட் பற்றிப் பகிடி விட்ட அந்தத் தமையன் இறந்தார். பாலேஸ்வரி வேலையிலிருந்து நேரே உடலை வைத்திருந்த மண்டபத்துக்குப் போனாள்; அழுதாள், தேவாரம் படித்தவர்களோடு நின்றாள், தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பெண்கள் வாய்க்கரிசிக்கு வரிசையில் நின்றபோது நிலாணி அரிசித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் முறை வந்ததும் தட்டை நீட்டினாள்.

பாலேஸ்வரி அரிசிக்குக் கை நீட்டவில்லை.

“எனக்கு முந்தினது ஒண்டு கிடக்கு, பிள்ளை. அது போடாமல் இது போடேலாது” என்றாள்.

பின்னால் நின்ற பெண்ணுக்கு வழிவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றாள்.